கைகால் நன்றாக இருக்கும்போதே எல்பிஏ (லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி) எழுதி வைத்துவிடுங்கள்

என் சித்தப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தபோது வயது 58. முந்தின நாள் இரவுகூட கடையைப் பூட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர். உயிர் பிழைத்துவிட்டார், ஆனால் பேச்சு போய்விட்டது, நாம் சொல்வது அவருக்குப் புரிகிறதா என்பதே பல வாரம் யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி அலைச்சலையெல்லாம் சித்தி எப்படியோ தாங்கிக்கொண்டார். அவர் உடைந்து போனது பேங்கில்.

வீட்டு மார்ட்கேஜ் சித்தப்பாவின் தனிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அதில் பணம் தீரப்போகிறது, அவருடைய சேமிப்புக் கணக்கிலிருந்து கொஞ்சம் மாற்றிவிட்டால் போதும் என்று சித்தி கிளம்பினார், துணைக்கு நானும் போனேன். ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டரிலிருந்து திருமணச் சான்றிதழ், இரண்டு பேருடைய பாஸ்போர்ட், கவுன்சில் டாக்ஸ் பில், ஆஸ்பத்திரி கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் எடுத்து கவுண்டரில் வரிசையாக வைத்தார். அங்கிருந்த இளைஞர் ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, பவர் ஆஃப் அட்டர்னி, அதாவது அவர் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம், இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. அப்படியானால் கணக்கு யாருடையதோ அவரிடம்தான் நாங்கள் பேச முடியும் என்றார். "அவருக்குப் பேச்சே வராது தம்பி" என்று சித்தி தமிழிலேயே சொல்லிவிட்டார். அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்ல எனக்கும் உடனே வாய் வரவில்லை.

முப்பது வருடம் கூட வாழ்ந்த மனைவி. ஆனாலும் அந்தக் கணக்கைப் பொறுத்தவரை சட்டத்தின் முன் அவர் வெளி ஆள்தான். இதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், அதனால்தான் இதை எழுதுகிறேன், நீங்கள் அப்படிக் கவுண்டரில் நின்று தெரிந்துகொள்ள வேண்டாம்.

நான் எழுதுவது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு, அங்கே 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பணத்துக்குக் கன்டினியூயிங் பவர், உடல்நலத்துக்கு வெல்ஃபேர் பவர் என்று எழுதுவார்கள். வட அயர்லாந்திலும் முறை வேறு. அங்கே இருப்பவர்கள் அந்த ஊர் வழிமுறையைப் பாருங்கள், ஆனால் நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் ஒன்றுதான்.

"நெக்ஸ்ட் ஆஃப் கின்" என்று எழுதிக் கொடுத்தால் போதாது

நம்மில் பெரும்பாலானவர்கள் நம்பிக்கொண்டிருப்பது இதைத்தான். ஆஸ்பத்திரிப் படிவத்தில் நெக்ஸ்ட் ஆஃப் கின், அதாவது நெருங்கிய உறவினர், என்ற இடத்தில் கணவன் பெயரோ மகள் பெயரோ எழுதியிருக்கிறோம், ஒன்று ஆகிவிட்டால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று. அந்த இடத்தில் எழுதும் பெயர் யாருக்குப் போன் செய்வது என்பதற்கு மட்டும்தான். அதை வைத்துப் பணத்தையும் எடுக்க முடியாது, சிகிச்சைக்குச் சம்மதமும் சொல்ல முடியாது. ஒருவர் தானே முடிவெடுக்க முடியாத நிலைக்குப் போய்விட்டால், சிகிச்சை விஷயத்தில் அவருக்கு எது நல்லது என்று டாக்டர்கள் பார்ப்பார்கள், எங்கே தங்கவைப்பது என்பதைக் கவுன்சிலின் சோஷியல் சர்வீஸும் சேர்ந்து பார்க்கும். குடும்பத்தாரிடம் கருத்துக் கேட்பார்கள், கேட்க வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. ஆனால் கடைசி வார்த்தை குடும்பத்துடையது இல்லை.

ஜாயின்ட் கணக்கு இருக்கிறது, கவலையில்லை என்று சொல்பவர்களுக்கு ஒன்று: இருவரில் ஒருவர் முடிவெடுக்கும் திறனை இழந்துவிட்டார் என்று தெரியவந்தால் அந்தக் கணக்கையும் பேங்க் கட்டுப்படுத்தலாம், அத்தியாவசியச் செலவுக்கு மட்டும் விடலாம். சித்திக்கு அதுவும் நடந்தது. உண்மையைச் சொன்னதற்கு இதுவா பலன் என்று கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. கணக்குக்கு உரியவர் ஏமாற்றப்படக் கூடாது என்பதற்காகத்தான் அந்த விதி, அது நியாயம்தான், ஆனால் மார்ட்கேஜ் தேதி நெருங்கும்போது அந்த நியாயம் கண்ணுக்குத் தெரியாது.

பிரபலமானவர்களுக்கும் இதே கதைதான். டிவி தொகுப்பாளர் கேட் காராவேயின் கணவர் டெரெக் டிரேப்பர் 2020 மார்ச்சில் கொரோனாவில் விழுந்து மாதக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தபோது, கார், மார்ட்கேஜ் என்று அவர் பெயரில் இருந்தவற்றை மனைவியால் தொட முடியவில்லை, பவர் எழுதிவைக்காமல் விட்டோமே என்று மனைவியே வெளிப்படையாகச் சொன்னார். டிரேப்பருக்கு அப்போது 52 வயது. இது வயதானவர்களின் விஷயம் என்று யாராவது சொன்னால் நான் அந்த வயதையும் சித்தப்பாவின் வயதையும் சொல்வேன்.

எல்பிஏ என்பது என்ன

லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி. சுருக்கமாக எல்பிஏ. நான் தெளிவாக இருக்கும்போது, பின்னால் என்னால் முடியாமல் போனால் எனக்காக முடிவெடுக்க இன்னாருக்கு அதிகாரம் கொடுக்கிறேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஓபிஜி எனப்படும் ஆஃபீஸ் ஆஃப் த பப்ளிக் கார்டியன் என்ற அரசு அலுவலகத்தில் பதிவு செய்து வைப்பது. 2005ஆம் ஆண்டு மென்டல் கபாசிட்டி சட்டத்தில் வந்தது, 2007 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்னால் எண்டியூரிங் பவர் என்று ஒன்று இருந்தது, அந்தத் தேதிக்கு முன் சரியாக எழுதிக் கையெழுத்திட்டது உங்கள் பெற்றோரிடம் இருந்தால் இன்றும் செல்லும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆனால் அது பணம், சொத்துக்கு மட்டும்தான்.

எல்பிஏவில் இரண்டு வகை. ஒன்று சொத்து, பண விஷயம்: பேங்க், பில், பென்ஷன், வீட்டை விற்பது, வாடகைக்கு விடுவது. இன்னொன்று உடல்நலம், அன்றாட வாழ்க்கை: என்ன சிகிச்சை, எந்தக் கேர் ஹோம், என்ன சாப்பாடு, யார் குளிப்பாட்டுவது என்பது வரை. இரண்டும் தனித்தனிப் படிவம், தனித்தனிக் கட்டணம். பண எல்பிஏவைப் பதிவானதும் உங்கள் சம்மதத்தோடு நீங்கள் தெளிவாக இருக்கும்போதே பயன்படுத்தலாம், கால் முறிந்து வீட்டில் கிடக்கும்போதும் மகள் போய் பேங்க் வேலையை முடித்துவிட்டு வரலாம். உடல்நல எல்பிஏ அப்படியில்லை, அந்த முடிவை நீங்களே எடுக்க முடியாத நிலை வந்தால்தான் அது உயிர்பெறும். எழுதிக் கொடுத்த மறுநாளே பிள்ளைகள் நம்மை ஹோமில் தள்ளிவிடுவார்களோ என்று பயப்படும் பெரியவர்களிடம் இதை நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள்.

ஏன் இப்போதே? எழுதுகிறவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், எழுதும் நாளில் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. விஷயத்தைப் புரிந்துகொள்வது, முடிவெடுக்கும்வரை மனதில் வைத்திருப்பது, நல்லது கெட்டதை எடைபோடுவது, தன் முடிவை ஏதாவது ஒரு வழியில் தெரிவிப்பது, இந்த நான்கில் ஒன்று இல்லாமல் போனாலும் கதவு மூடிவிடும். அதற்குப் பிறகு மனைவியோ மகனோ அவருக்காக எல்பிஏ எழுத முடியாது, எந்த சொலிசிட்டராலும் (வக்கீல்) முடியாது.

டிமென்ஷியா (மறதி நோய்) ஆரம்ப நிலையில் இருக்கிறது என்று சொல்லப்பட்டிருந்தால் எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள், நல்ல தெளிவான நாளில் இன்னும் செய்யலாம். ஆனால் அப்போது குடும்ப டாக்டரான ஜீபியிடமோ ஸ்பெஷலிஸ்டிடமோ அவர் புரிந்துதான் செய்கிறார் என்று எழுதி வாங்கிவைப்பது நல்லது, பிறகு யாராவது கேள்வி கேட்டால் தேவைப்படும். நன்றாக இருப்பவருக்கு இந்தத் தலைவலியெல்லாம் கிடையாது.

கதவு மூடிய பிறகு என்ன வழி என்றால், கோர்ட் ஆஃப் புரொடெக்‌ஷனுக்குப் போய் அவருக்காக முடிவெடுக்கும் டெப்யுட்டியாக நியமிக்கும்படி விண்ணப்பிக்க வேண்டும். சித்தி அந்த வழியில்தான் போனார். விண்ணப்பக் கட்டணமே 400 பவுண்டுக்கு மேல், டாக்டரிடமிருந்து மதிப்பீட்டுப் படிவம், அப்புறம் செக்யூரிட்டி பாண்ட் என்று ஒரு காப்பீடு, பிறகு வருடாவருடம் மேற்பார்வைக் கட்டணம், வரவு செலவுக் கணக்கு எழுதி ஓபிஜிக்கு அறிக்கை. சித்தி கையில் ஆணை வந்து சேர ஒன்பது மாதம் ஆனது. அந்த ஒன்பது மாதமும் மார்ட்கேஜை நாங்கள் நான்கு குடும்பம் பங்கு போட்டுக் கட்டினோம். அதுவும் பணத்துக்கு மட்டும், உடல்நல விஷயத்தில் டெப்யுட்டியாக நியமிப்பது அபூர்வம். யாரை நியமிப்பது என்பதும் கோர்ட்டின் முடிவு, சித்தப்பா யாரை விரும்பியிருப்பார் என்று அவரிடம் கேட்கும் காலம் போய்விட்டது.

கடை நடத்துகிறவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள். சொந்தப் பெயரில் கடை இருந்து, பேங்கில் கையெழுத்து உங்களுடையது மட்டும் என்றால், நீங்கள் விழுந்த வாரமே வேலை செய்யும் பையன்களுக்குச் சம்பளம் நிற்கும், சரக்கு தருகிறவருக்குப் பணம் போகாது, விஏடி வரி கட்டும் தேதி வந்து நிற்கும். சித்தப்பாவின் கடை நான்காவது மாதம் மூடியது. நல்ல வியாபாரம் நடந்த கடை. கடைக்கென்று தனியாக ஒரு பண எல்பிஏ எழுதி, வியாபாரம் தெரிந்த ஒருவரை அதில் போடவும் முடியும். லிமிடெட் கம்பெனி என்றால் டைரக்டர் வேலையை எல்பிஏவை வைத்து இன்னொருவர் செய்ய முடியாது, கம்பெனியின் விதிமுறையில்தான் அதற்கு வழி செய்ய வேண்டும், அதை சொலிசிட்டரிடம் கேளுங்கள்.

யாரைப் போடுவது

இங்கேதான் நிதானம் வேண்டும். நீங்கள் அதிகாரம் கொடுக்கிறவருக்கு அட்டர்னி என்று பெயர், வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. 18 வயது ஆன யாரும் ஆகலாம், பண எல்பிஏ என்றால் திவாலாகியிருக்கக் கூடாது. பிரிட்டிஷ் குடிமகனாக இருக்க வேண்டும் என்றில்லை, இந்த நாட்டில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஆனால் ஆஸ்பத்திரி இரவு இரண்டு மணிக்குக் கூப்பிடும்போது கனடாவில் இருக்கும் தம்பி என்ன செய்வார் என்று யோசியுங்கள்.

நம் வீடுகளில் மூத்த மகன் என்றால் அவன் பெயர்தான் முதலில் வரும். அவன் வந்த தபாலைப் பிரித்துப் பார்க்கிற ஆளா, தன் பணம் வேறு அப்பாவின் பணம் வேறு என்று கணக்கு வைக்கிற ஆளா, மருமகள் ஒன்று தங்கை ஒன்று சொன்னால் நிதானமாகக் கேட்கிற ஆளா என்று பாருங்கள். பண விஷயத்துக்கு ஒருவர், உடல்நலத்துக்கு இன்னொருவர் என்று பிரித்துக் கொடுப்பதில் தவறே இல்லை. எங்கள் வீட்டில் கணக்கு தம்பியிடம், ஆஸ்பத்திரி விஷயம் நர்ஸாக இருக்கும் தங்கையிடம்.

ஒருவருக்கு மேல் போட்டால் படிவத்தின் மூன்றாம் பகுதியில் அவர்கள் எப்படி முடிவெடுக்க வேண்டும் என்று குறிக்க வேண்டும், பலரும் தடுமாறும் இடம் இது. "ஜாயின்ட்லி" என்றால் ஒவ்வொன்றுக்கும் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். கேட்கப் பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் ஒருவர் இறந்துவிட்டாலோ விலகிவிட்டாலோ மற்றவராலும் செயல்பட முடியாது, மாற்று அட்டர்னி யாரும் இல்லையென்றால் பத்திரமே செல்லாமல் போய்விடும். "ஜாயின்ட்லி அண்ட் செவரலி" என்றால் சேர்ந்தும் செய்யலாம், தனியாகவும் செய்யலாம். என்னைக் கேட்டால் நம்பிக்கையான ஆட்களாகப் பார்த்து இரண்டாவதையே போடுங்கள். தனியாக விட பயமாக இருக்கிறது என்று தோன்றுகிற ஆளை முதலிலேயே போடாதீர்கள்.

கணவன் மனைவி ஒருவரை ஒருவர் போட்டுக்கொள்வது வழக்கம், சரி, ஆனால் இருவரும் ஒரே காரில் போகிறீர்கள். நான்காம் பகுதியில் மாற்று அட்டர்னியாகப் பிள்ளைகளில் ஒருவரையோ தம்பி தங்கையையோ கட்டாயம் எழுதுங்கள். விவாகரத்து ஆனால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, முன்னாள் துணையின் அதிகாரம் தானாகவே போய்விடும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

யாரைப் போட்டாலும் அவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள், இது மரியாதைக்குக் கொடுக்கிற பட்டம் இல்லை, நிறைய வேலை. பணத்தைத் தனியாக வைக்க வேண்டும், ரசீது வைக்க வேண்டும். பரிசு கொடுப்பதற்கும் எல்லை உண்டு: பிறந்தநாள், கல்யாணம், பண்டிகை மாதிரி வழக்கமான நேரங்களில் அவருடைய வசதிக்குத் தகுந்த அளவு கொடுக்கலாம். அப்பா நன்றாக இருந்தால் செய்திருப்பார் என்று சொல்லி அவர் கணக்கிலிருந்து மருமகன் வீடு வாங்கப் பெரிய தொகை எடுத்துக் கொடுக்க முடியாது, அதற்குக் கோர்ட் அனுமதி வேண்டும். தப்பு செய்தால் ஓபிஜி விசாரிக்கும், அதிகாரத்தைப் பறிக்கச் சொல்லிக் கோர்ட்டுக்கும் போகும். பெற்றோரிடம் இதையும் சொல்லுங்கள், எழுதிக் கொடுத்துவிட்டால் கேட்பார் இல்லை என்ற பயம் அவர்களுக்கு உண்டு.

பெற்றோரிடம் எப்படிப் பேச்சை எடுப்பது

பிள்ளை இந்தப் பேச்சை எடுத்தாலே சொத்தைக் கேட்கிறான் என்றுதான் காதில் விழும். நல்ல நாளும் அதுவுமாய் இதென்ன பேச்சு என்பார்கள். நான் கண்ட ஒரே வழி, முதலில் நானும் என் மனைவியும் எங்களுக்குப் போட்டோம். எனக்கு 41 வயது. எங்கள் படிவங்களைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, எனக்கு ஏதாவது ஆனால் இவள் யாரிடமும் போய்க் கெஞ்சக் கூடாது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் சித்தப்பாவின் அண்ணன். கொஞ்ச நேரம் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எனக்கும் அம்மாவுக்கும் இரண்டு எடுத்து வா என்றார்.

படிவம், கையெழுத்து, கட்டணம்

சொலிசிட்டர் கட்டாயம் இல்லை. அரசாங்கத்தின் கவ் டாட் யூகே தளத்தில் ஆன்லைனிலேயே நிரப்பலாம், அது தப்பு செய்யவிடாமல் வழிகாட்டும், முடித்ததும் பிரின்ட் எடுத்து பேனாவால் கையெழுத்துப் போட வேண்டும். காகிதப் படிவமாகவும் வாங்கலாம், பணத்துக்கு எல்பி1எஃப், உடல்நலத்துக்கு எல்பி1ஹெச். எல்லாவற்றையும் ஆன்லைனிலேயே முடிக்கும் வழிக்காக 2023இல் புதிய சட்டம் நிறைவேறியிருக்கிறது, அது வரட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். பல நாட்டில் சொத்து, இரண்டாம் கல்யாணம், குடும்பத்தில் ஏற்கெனவே சண்டை, இப்படி ஏதாவது இருந்தால் சொலிசிட்டருக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

கட்டணம் 2025 நவம்பர் 17 முதல் ஒரு எல்பிஏவுக்கு 92 பவுண்ட். கணவன் மனைவி இருவரும் இரண்டிரண்டு போட்டால் 368. எழுதிக் கொடுப்பவரின் வருட வருமானம் 12,000 பவுண்டுக்குக் கீழே என்றால் பாதி, பென்ஷன் கிரெடிட்டின் கேரன்டி பகுதி, ஹவுசிங் பெனிஃபிட், கவுன்சில் டாக்ஸ் குறைப்பு மாதிரி உதவி வாங்குபவர்களுக்கு இலவசமாகவும் கிடைக்கலாம். இதில் பார்ப்பது எழுதிக் கொடுப்பவரின் வருமானத்தை, மகன் வருமானத்தை இல்லை. இந்தச் சலுகை கேட்பவர்கள் எல்பிஏ120 என்ற படிவத்தைச் சேர்த்து அனுப்ப வேண்டும்.

முதல் பகுதியிலேயே நம் ஆட்களுக்கு ஒரு சிக்கல் வரும்: பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால், பேங்கில் இனிஷியல் முன்னால், ஜீபியிடம் பாதிப் பெயர், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர். பாஸ்போர்ட்டிலும் பேங்கிலும் இருப்பது போலவே எழுதுங்கள், அழைக்கப்படும் மற்ற பெயர்கள் என்று ஒரு இடம் இருக்கிறது, மீதி எல்லாவற்றையும் அங்கே எழுதுங்கள். பலர் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள்.

உடல்நலப் படிவத்தின் ஐந்தாம் பகுதிதான் கனமானது. உயிரைத் தக்கவைக்கும் சிகிச்சை, அதாவது மூச்சுக் கருவி, குழாய் வழி உணவு போன்றவற்றுக்குச் சம்மதிக்கவோ மறுக்கவோ அட்டர்னிக்கு அதிகாரம் கொடுக்கிறீர்களா, இல்லை அதை டாக்டர்களிடமே விடுகிறீர்களா என்று கேட்கும். இரண்டில் ஒன்றுக்குச் சாட்சி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அவசரப்பட்டு டிக் அடிக்காதீர்கள். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, எந்த நிலையில் உங்களை இன்னும் போராட வைக்கலாம், எந்த நிலைக்குப் பிறகு வேண்டாம் என்று அட்டர்னியாகப் போகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்போது அழுகை வரும். பிறகு ஐசியூ வாசலில் அவர் தனியாக நிற்கும்போது இந்தப் பேச்சு ஒன்றுதான் அவருக்குத் துணை.

ஏழாம் பகுதியில் விருப்பங்கள் ஒரு கட்டம், கட்டளைகள் ஒரு கட்டம். சைவம் மட்டும், தமிழ் பேசும் ஆள் பார்த்துக்கொண்டால் நல்லது, முடிந்தவரை வீட்டில் வைத்திருங்கள், இதெல்லாம் விருப்பத்தில் எழுதலாம். கட்டளையில் எழுதுவதை அட்டர்னி மீறவே முடியாது, சட்டத்துக்கு ஒத்துவராத எதையாவது எழுதினால் பதிவிலேயே சிக்கல் வரும். எங்கள் நான்கு படிவத்திலும் கட்டளைக் கட்டத்தைக் காலியாகவே விட்டோம்.

அடுத்து சான்று கொடுப்பவர். நீங்கள் புரிந்துதான் செய்கிறீர்கள், யாரும் மிரட்டவில்லை என்று ஒருவர் கையெழுத்திட வேண்டும். குறைந்தது இரண்டு வருடம் உங்களை நன்றாகத் தெரிந்தவராக இருக்கலாம், இல்லையென்றால் ஜீபி, சொலிசிட்டர் மாதிரி ஒருவர். உங்கள் குடும்பத்தாரோ அட்டர்னியின் குடும்பத்தாரோ கூடாது, சம்பந்தி வீட்டாரும் கூடாது. அம்மா அப்பாவுக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்றால் தமிழ் தெரிந்த ஒருவரையே இதற்குத் தேடுங்கள், அட்டர்னியாகப் போகும் மகன் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தால் இந்தச் சான்றுக்கு அர்த்தமே இல்லை. எங்கள் அம்மாவுக்குச் சான்று கொடுத்தவர் தமிழ்ப் பள்ளியில் பத்து வருடமாகத் தெரிந்த டீச்சர். எங்களை எல்லாம் ஹாலில் உட்காரச் சொல்லிவிட்டு, அம்மாவோடு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இருபது நிமிடம். இதில் என்ன எழுதியிருக்கிறது, யாருக்குக் கொடுக்கிறீர்கள், ஏன் அவர், பிடிக்காவிட்டால் இப்போதே வேண்டாம் என்று சொல்லலாம் தெரியுமா என்றெல்லாம் கேட்டதாக அம்மா பிறகு சொன்னார்.

கையெழுத்து வரிசை தப்பினால் படிவம் திரும்பி வரும். முதலில் எழுதிக் கொடுப்பவர், ஒன்பதாம் பகுதியில், சாட்சி பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், வீடியோவில் பார்த்தால் செல்லாது. உடல்நலப் படிவம் என்றால் ஐந்தாம் பகுதிக் கையெழுத்து அதற்கு முன்போ அதே நேரத்திலோ ஆகிவிட வேண்டும். அப்புறம் சான்று கொடுப்பவர். அப்புறம்தான் அட்டர்னிகளும் மாற்று அட்டர்னிகளும், ஒவ்வொருவருக்கும் சாட்சி. உங்கள் கையெழுத்துக்கு அட்டர்னி சாட்சி போடக் கூடாது, அட்டர்னியின் கையெழுத்துக்கு நீங்கள் சாட்சி போடக் கூடாது. தேதிகள் இதே வரிசையில் இருக்க வேண்டும், ஒரே நாளாக இருந்தால் இன்னும் நிம்மதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வீட்டுக்கு வரச்சொல்லிச் சாப்பாடும் போட்டு முடித்துவிடலாம். ஒயிட்னர் தொடாதீர்கள், தப்பாக எழுதிவிட்டால் அந்தப் பக்கத்தைப் புதிதாக எடுங்கள். தப்பால் திரும்பி வந்து, மறுபடி அனுப்பலாம் என்று ஓபிஜி சொன்னால் மூன்று மாதத்துக்குள் பாதிக் கட்டணத்தில் அனுப்பலாம்.

கையெழுத்து போட முடியாமல் கை நடுங்குகிறவர்கள் ஒரு குறி வைத்தாலும் செல்லும். அதுவும் முடியாது என்றால் அவர் சார்பில், அவர் முன்னிலையில் இன்னொருவர் போட வழி இருக்கிறது, அதற்குத் தனித் தாளும் இரண்டு சாட்சியும் வேண்டும்.

போட்டு முடித்தவுடன் அனுப்பிவிடுங்கள். கையெழுத்து போட்ட படிவத்தை இழுப்பறையில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது பதிவு செய்யலாம் என்று இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பதிவாகாத எல்பிஏ வெறும் காகிதம். யாராவது ஆட்சேபிக்க விரும்பினால் அதற்கென்று சட்டப்படி நான்கு வாரம் விடுவார்கள், எல்லாம் சேர்த்து எட்டு முதல் பத்து வாரம் ஆகும். ஆஸ்பத்திரியில் ஒருவர் படுத்திருக்கும்போது பத்து வாரம் மிக நீளம்.

ஊரில் இருக்கும் சொத்து

இங்கே போட்ட எல்பிஏவைக் கொண்டுபோய் ஊரில் காணியையோ வீட்டையோ விற்க முடியும் என்று நினைக்காதீர்கள், அங்கே அந்த நாட்டு முறைப்படி தனியாகச் செய்ய வேண்டும். இந்தியாவில் எழுதும் சாதாரண பவர் பத்திரம் எழுதியவர் மனநிலை இழந்தால் முடிந்துவிடும், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அதாவது மிகத் தேவையான நேரத்தில் அது கைகொடுக்காது. இலங்கையில் சொத்து உள்ளவர்கள் அற்றோர்ணித் தத்துவம் (பவர் பத்திரத்துக்கு அங்கே உள்ள பெயர்) பற்றி அங்கே உள்ள சட்டத்தரணியிடம் கேளுங்கள். அங்கே உள்ளதைத் தீர்க்க வேண்டும் என்றால் அதையும் கைகால் நன்றாக இருக்கும்போதே போய்த் தீர்த்துவிட்டு வாருங்கள்.

உயிலும் இதுவும் ஒன்றில்லை. இறந்த நிமிடத்தில் எல்பிஏ முடிந்துவிடும், அதற்குப் பிறகு உயிலை நிறைவேற்ற அதில் சொல்லியிருக்கும் எக்ஸிக்யூட்டர்தான். உயில் எழுதியாகிவிட்டது என்பவர்களுக்கும் இது வேண்டும்.

பத்திரம் வந்த பிறகு

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஓபிஜியின் முத்திரை துளைத் துளையாகக் குத்தியிருக்கும், அது இல்லாத பிரதியை பேங்க் ஏற்காது. கூடவே எழுதிக் கொடுத்தவருக்கும் அட்டர்னிக்கும் ஆக்டிவேஷன் கீ என்று ஒரு எண்ணோடு கடிதம் வரும். அதை ஆன்லைனில் சேர்த்துவிட்டால், பேங்கோ கேர் ஹோமோ கேட்கும்போது ஒரு குறியீட்டு எண் எடுத்துக் கொடுத்தால் போதும், மூலப் பத்திரத்தைத் தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு வேலை, இதைப் பலர் செய்வதில்லை: நீங்கள் நன்றாக இருக்கும்போதே பண எல்பிஏவை பேங்கில் கொண்டுபோய்ப் பதிந்துவிடுங்கள், அட்டர்னியையும் கூட்டிக்கொண்டு. ஒவ்வொரு பேங்குக்கும் தனித்தனிப் படிவம், அட்டர்னியின் அடையாளச் சான்று எல்லாம் கேட்பார்கள், நேரம் எடுக்கும். உடல்நல எல்பிஏ இருக்கிறது என்று ஜீபியிடம் சொல்லிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். மனம் மாறினால், தெளிவாக இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்.

சித்தி தன்னுடையதைப் போன வருடம் போட்டார், இரண்டு மகள்கள் பெயரிலும். பத்திரம் அதே பிளாஸ்டிக் ஃபோல்டரில் திருமணச் சான்றிதழுக்கு முன்னால் இருக்கிறது. ஃபோல்டர் அலமாரியின் மேல்தட்டில், இடது பக்கம். மகள்கள் இருவருக்கும் தெரியும், எனக்கும் சொல்லி வைத்திருக்கிறார்.